விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு

விமர்சனம் என்றால் அச்சில் வந்ததைப் பற்றி, அதிகம் போனால் திரையில் ஓடியதைப் பற்றிப் பேசுவது என்ற எல்லையை நாமாகவே போட்டுக்கொண்டிருக்கிறோம். வீடியோ விளையாட்டு என்றதும் அது குழந்தைகள் சமாசாரம், அல்லது சமூகவியல்காரர்கள் கவலைப்பட வேண்டிய சமாசாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். இரண்டுமே சோம்பேறித்தனம் என்று எனக்குப் படுகிறது. ஒரு மனிதன் ஒரே காரியத்தை முந்நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடச் சற்றுச் சரியாகச் செய்ய முயல்கிறான். பார்க்க ஆளில்லை, பரிசு இல்லை, பணமும் இல்லை. இந்தக் காட்சி எங்கே தென்பட்டாலும் எழுதுகிறவன் நின்று பார்க்க வேண்டும். அவனுக்கு இது அந்நியமான காட்சியாக இருக்க முடியாது.

நான் எடுத்துக்கொண்டது கார்ப் பந்தய விளையாட்டுகளில் ஒரு சிறு பகுதி. சரியாகச் சொன்னால் பந்தயம்கூட இல்லை. எதிரே வேறு கார்கள் கிடையாது. ஒரு பாதை, ஒரு கார், ஒரு கடிகாரம். பாதையை ஒருமுறை சுற்றி வர எத்தனை நேரம் ஆகிறது என்பதுதான் விஷயம். லாப் டைம் என்கிறார்கள். சுற்று நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இதிலும் ஒரு பிரிவினர் தமக்குத் தாமே ஒரு விதி போட்டுக்கொள்கிறார்கள். கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். இஞ்சினைக் கூட்டக் கூடாது, எடையைக் குறைக்கக் கூடாது, ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது. இப்படிப்பட்ட காருக்கு ஸ்டாக் கார் என்று பெயர். இந்த விதிக்கு என்ன மதிப்பு, அந்த மதிப்பு எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஸ்டாக் என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அவ்வளவு கௌரவமான சரித்திரம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1948-இல் தொடங்கப்பட்ட நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு, 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் ஷார்லட் நகரில் ‘ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்’, அதாவது கண்டிப்பாகக் கடையில் விற்கிறபடியே உள்ள கார்களுக்கு மட்டுமான, முதல் பந்தயத்தை நடத்தியது. முதலில் வந்தவர் க்ளென் டனவே. பந்தயம் முடிந்து சோதித்தபோது அவருடைய ஃபோர்டின் பின்பக்க ஸ்பிரிங்குகளில் கைவேலை நடந்திருப்பது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துகிற வண்டிகளில், பாரத்தோடும் வேகமாக ஓடட்டும் என்று செய்துகொள்கிற வேலை அது. அவரை நீக்கிவிட்டு லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள்.

முதல் பந்தயத்திலேயே சொல்லுக்கு இந்தக் கதி. பின்னால் வந்த வருஷங்களில், பாதுகாப்புக்காக ஒன்று, வேகத்துக்காக ஒன்று என்று சலுகைகள் சேர்ந்துகொண்டே போயின. இன்று நாஸ்காரில் ஓடுகிற ஸ்டாக் கார், பந்தயத்துக்கென்றே அடியிலிருந்து கட்டப்பட்ட இயந்திரம். கடையில் விற்கிற காரின் பெயரும் முகச்சாயலும்தான் அதில் மிச்சம். நம் இலக்கியச் சொற்கள் பலவற்றுக்கும் இதுவே நடந்திருக்கிறது. ‘யதார்த்தம்’ என்ற சொல் இன்று எதையெல்லாம் சுமந்துகொண்டு திரிகிறது என்று பார்த்தால் போதும்.

அந்தச் சொல்லின் பழைய பொருள் ஒரு ஜப்பானிய விளையாட்டுக்குள் உயிரோடிருப்பது விநோதம்தான். கஸுனோரி யமாவுச்சி என்பவர் ஒரு சிறு குழுவோடு சுமார் ஐந்து வருஷம் உழைத்து உருவாக்கிய ‘கிரான் டூரிஸ்மோ’ 1997 டிசம்பரில் ஜப்பானில், சோனியின் பிளேஸ்டேஷன் இயந்திரத்துக்காக வெளிவந்தது. அதற்கு முந்திய கார் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் கார் என்பது சிவப்பாகவோ மஞ்சளாகவோ வேகமாகப் போகும் ஒரு பொருள், அவ்வளவுதான். இதிலோ சுமார் 140 கார்கள். அவற்றில் பல ஜப்பானியத் தெருக்களில் அன்றாடம் ஓடியவை. இஞ்சின் இயக்குவது முன்சக்கரத்தையா பின்சக்கரத்தையா, எடை எத்தனை, குதிரைத்திறன் எத்தனை என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு காரும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டது. சாதாரணக் குடும்பஸ்தன் கடைவீதிக்குப் போய்வருகிற மாஸ்டா டெமியோவுக்குக்கூட ஒரு குணச்சித்திரம் கிடைத்தது.

ஆனால் இந்த விளையாட்டின் பொருளாதாரம் ஸ்டாக் காருக்கு விரோதமானது. ஆட்டக்காரன் 10,000 கிரெடிட் பணத்தோடு ஆரம்பிக்கிறான். ஒரு பழைய காரை வாங்குகிறான். சிறு பந்தயங்களில் ஜெயித்து வரும் பணத்தில் டர்போ போடுகிறான், எடையைக் குறைக்கிறான், வழவழப்பான பந்தய டயர் மாட்டுகிறான். பிறகு அதே பந்தயத்தில், அதே தப்புகளைச் செய்துகொண்டே, ஜெயிக்கிறான். பாதையில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்ள முடிகிறது. விளையாட்டு இதைத் தடுப்பதில்லை; தூண்டுகிறது. கராஜ் நிரம்புவதுதான் முன்னேற்றம் என்று அது ஆட்டக்காரனை நம்ப வைக்கிறது.

அதே விளையாட்டுக்குள் இதற்கு நேர்மாறான ஒரு பகுதியும் இருக்கிறது. பந்தயங்களில் கலந்துகொள்ள லைசென்ஸ் வேண்டும்; அதற்குப் பரீட்சைகள் உண்டு. நேர்ச்சாலையில் கிளம்பி, குறித்த கட்டத்துக்குள் நிற்க வேண்டும். அல்லது ஒரே ஒரு வளைவைக் குறித்த நேரத்துக்குள் கடக்க வேண்டும். காரை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். அதில் கை வைக்க முடியாது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரம். வெண்கலத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே பல சமயம் ஓரிரு விநாடிதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும். சுற்று நேரத்தைத் துரத்துகிறவர்கள் எல்லோரும் ஒருவகையில் இந்தப் பரீட்சைகளின் பிள்ளைகள். விளையாட்டின் ஓரத்தில் கிடந்த பாடத்தை எடுத்து அதையே முழு விளையாட்டாக்கிக்கொண்டார்கள்.

*

ஒரு சுற்றில் நடப்பது என்ன என்று ஸ்தூலமாகப் பார்க்காமல் மேலே பேசுவதில் அர்த்தமில்லை. கார் பூமியைத் தொடுவது நான்கு இடங்களில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். பிரேக், திருப்பம், வேகம் எல்லாவற்றுக்கும் பிடிப்பு அந்த நான்கு இடங்களிலிருந்துதான் வர வேண்டும். டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. முழுவதையும் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்குக் கையில் ஒன்றும் இராது. முழுவதையும் திரும்புவதற்குச் செலவழித்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முடியாது. மிதித்தால் கார் வழுக்கும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது அவை நன்றாகக் கவ்வும். ஆகவே தேர்ந்த ஓட்டுநர் வளைவுக்கு முன்னால் பிரேக்கைச் சட்டென்று விட்டுவிடுவதில்லை. திருப்பிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறான். பிரேக்கிலிருந்து மிச்சமாகிற பிடிப்பு திருப்பத்துக்குப் போகிறது. எந்தக் கணத்திலும் சம்பளத்தில் பைசா மிஞ்சக் கூடாது. பைசா கடன் வாங்கவும் கூடாது.

அடுத்தது வழி. வளைவின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வருவது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். தெரிந்தும் செய்ய முடியாதது, நுழையும்போது மெதுவாக இருக்கச் சம்மதிப்பது. தாமதமாகப் பிரேக் பிடிப்பது துணிச்சலாகத் தோன்றும். காதுக்கும் கண்ணுக்கும் வேகம் தெரியும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டர் என்பது 0.12 விநாடி. ஐந்து மீட்டர் தள்ளிப் பிரேக் பிடித்தால் லாபம் அதற்கும் குறைவு. அதனால் வளைவின் கடைசியில் கார் அகன்று, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் தாமதமானால், நஷ்டம் அடுத்து வரும் நேர்ச்சாலை முழுவதும் கூடவே வரும்.

ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் 1927-இல் திறந்த நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று இதற்குச் சரியான உதாரணம். 20.8 கிலோமீட்டர் நீளம், சுமார் 300 மீட்டர் ஏற்ற இறக்கம். பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்குப் பச்சை நரகம் என்று பெயர் வைத்தார். 1976 ஆகஸ்ட் 1 அன்று நிக்கி லாவ்டா தீப்பிடித்த காருக்குள் சிக்கியது இங்கேதான்; அதன் பிறகு ஃபார்முலா ஒன் இந்தச் சுற்றுக்குத் திரும்பவில்லை. 2004-இல் வந்த கிரான் டூரிஸ்மோ 4 முதல் இந்தப் பாதை விளையாட்டில் இருக்கிறது. இதில் ஓட்டிப் பார்க்க, 1983-இல் வந்த டொயோட்டா ஸ்ப்ரிண்டர் ட்ரூனோவை எடுத்துக்கொள்வோம். 1,587 சி.சி. இஞ்சின், விற்பனைத் தாளின்படி 130 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, இயங்குவது பின்சக்கரம். அலங்காரம் எதுவும் இல்லாத கார்.

ஃப்ளூக்ப்ளாட்ஸ் என்கிற ஏற்றத்தின் உச்சியில் கார் லேசாகிவிடுகிறது. அந்த அரைக் கணத்தில் ஸ்டீயரிங்குக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதை ஏறுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். காருஸெல் என்கிற வளைவில் உட்பக்கம் கான்கிரீட்டால் ஆன சரிவு. காரை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி, அது அதிர்வதைப் பொறுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். கடைசியில் கால்கென்கோப்ஃப், தூக்குமர மேடு என்று பொருள். அதற்கு அப்பால் டோட்டிங்கர் ஹோஹெ, 2 கிலோமீட்டருக்கும் அதிகமான நேர்ச்சாலை. 130 குதிரைத்திறன் காருக்கு இங்கே செய்வதற்கு வேலை இல்லை. மிதித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். சராசரி வேகம் 170 கிலோமீட்டராக இருந்தால் 2 கிலோமீட்டருக்கு 42.35 விநாடி, 172-ஆக இருந்தால் 41.86 விநாடி. கிட்டத்தட்ட அரை விநாடி. அந்த அரை விநாடி தூக்குமர மேட்டிலேயே தீர்மானமாகிவிட்டது. மீதி நேரமெல்லாம் அந்தத் தீர்ப்பை வாசித்துக் கேட்பதுதான்.

இங்கேதான் மாற்றாத கார் என்ற விதியின் அர்த்தம் வெளிப்படுகிறது. 600 குதிரைத்திறன் உள்ள கார் வளைவில் செய்த தப்பை நேர்ச்சாலையில் மறைத்துவிடும். இஞ்சின் ஓட்டுநருக்காகப் பொய் சாட்சி சொல்லும். பலம் குறைந்த, மாற்றப்படாத காருக்கு அந்தத் திறமை கிடையாது. வளைவில் இழந்த வேகத்தைத் திரும்பச் சேர்க்க அதனிடம் எதுவும் இல்லை, இழந்தது இழந்ததுதான். ஆகவே சுற்று முடிந்ததும் கடிகாரத்தில் தெரிகிற எண் ஓட்டுநரைப் பற்றிய எண்ணாக இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. கார் மாறாதிருந்தால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம். நேற்று ஒரு ஸ்பிரிங், இன்று ஒரு ஸ்பிரிங் என்றால், ஒரு விநாடி குறைந்ததற்குக் காரணம் கையா ஸ்பிரிங்கா என்று யார் சொல்ல முடியும்?

நண்பர்கள் ஓர் ஆட்சேபத்தை எழுப்பலாம். கட்டுப்பாட்டின் மகிமையைப் பற்றி இப்படிப் பேசினால், யாப்பை விட்டுவந்த நாம் மறுபடி வெண்பாவுக்குப் போக வேண்டியதுதானா? மூன்று சீர் ஈற்றடியும், நாள் மலர் காசு பிறப்பும் ஸ்டாக் காரின் விதிகள் போலத்தானே? இல்லை என்பது என் அபிப்ராயம். வெண்பாவின் விதியைப் புலவன் ஏற்படுத்தவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அது இருந்தது, மீறினால் சொல்லிக்காட்ட ஊர் இருந்தது. ஸ்டாக் காரின் விதி, மாற்றம் மலிவாகக் கிடைக்கிற இடத்தில், கேட்பாரில்லாத இடத்தில், ஒருவன் தனக்குத் தானே போட்டுக்கொள்வது. இதற்கு இணையானவன் யாப்புக்குள் நின்ற புலவன் அல்ல. ஓசையும் அலங்காரமும் கையெட்டும் தூரத்தில் இருக்க, எடுக்கமாட்டேன் என்று எழுதுகிற இன்றைய கவிஞன்தான். புதுக்கவிதை என்ற பெயரில் இன்று வருவதில் பாதி, யாப்பை விட்டுவிட்டு டர்போவைப் பொருத்திக்கொண்டது. படிமத்துக்கு மேல் படிமம், வளைவில் விட்டதை நேர்ச்சாலையில் பிடிக்கிற வேலை.

*

இவ்வளவும் விதியின் தரப்பு. இனி அதன் சிக்கல்களைப் பார்க்க வேண்டும்.

முதல் சிக்கல், மாற்றாதது என்றால் என்ன என்பதே. விளையாட்டுக்குள் டயரில் பல தரங்கள். மென்மையான டயரை மாட்டினால் அதே கார், அதே பாதையில், வேறு காராகிவிடுகிறது. டயர் காரின் பகுதியா, பாதையின் பகுதியா? இத்தொடரில் இஞ்சின் எண்ணெய் அழுக்கானால் பலம் குறைகிறது. எண்ணெய் மாற்றுவது பராமரிப்பா, திருத்தமா? சறுக்காமல் காக்கிற மின்னணுத் துணைகளை அணைத்துவிட வேண்டுமா? தொழிற்சாலைக் காரிலேயே அவை இருந்தால்? ஆக, மாற்றாத கார் என்பது இயற்கையில் கிடைக்கிற பொருள் அல்ல. அது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் எண்ணுக்குப் பொருள் இல்லை.

இது விளையாட்டுக்குள் மட்டும் நடக்கிற தர்க்கம் அல்ல. 2008 ஏப்ரலில் நிஸ்ஸான் கம்பெனி தன் ஜிடி-ஆர் கார் நூர்பர்க்ரிங்கை 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியது என்று அறிவித்தது. போர்ஷே கம்பெனி தானே ஒரு ஜிடி-ஆரை ஓட்டிப் பார்த்தது. 7 நிமிடம் 54 விநாடிதான் வந்தது என்றும், சாதனை செய்த கார் கடையில் விற்கிறபடி இருந்திருக்குமா என்பது சந்தேகம் என்றும் சொன்னது. நிஸ்ஸான் மறுத்தது. இதில் ஒரு வேடிக்கை, அந்த ஜிடி-ஆரின் உள்ளே ஓட்டுநருக்கு எண்களைக் காட்டுகிற திரையை வடிவமைத்துக் கொடுத்தது யமாவுச்சியின் குழு. விளையாட்டு காரைப் பார்த்து எழுந்தது. இப்போது கார் விளையாட்டின் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறது. கடிகாரம் பொய் சொல்வதில்லை என்பார்கள். சரிதான். கடிகாரத்தின் முன்னால் எதை ஓட்டினோம் என்பதில் சொல்லலாம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. இந்த விளையாட்டுகளில் கோஸ்ட் என்று ஒன்று உண்டு. ஆவி என்றே சொல்லலாம். 1992-இல் வந்த சூப்பர் மாரியோ கார்ட்டிலேயே இது இருந்தது. நீங்கள் முன்பு ஓட்டிய சிறந்த சுற்று, ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு காராக, உங்களோடு ஓடும். இடித்தாலும் இடிக்காது. தன் ஆவியைத் துரத்துவதைவிட நேர்மையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. எந்த வளைவில் அது நம்மைவிட்டு விலகுகிறது, எங்கே நாம் அதற்குள் புகுந்து வெளியேறுகிறோம் என்பது கண்ணெதிரே தெரிகிறது. பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தி எழுதுகிறவனுக்கு இது பழக்கமான அனுபவம்.

ஆனால் தன் ஆவி போதாமல், பட்டியலின் உச்சியில் இருக்கிறவரின் ஆவியை வரவழைத்துக்கொள்ளவும் வசதி வந்துவிட்டது. அதன் பின்னால் ஓடி, அது பிரேக் பிடிக்கிற இடத்தில் பிடித்து, அது திரும்புகிற இடத்தில் திரும்பினால், சில மணி நேரத்தில் ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ கிடைக்கும். கிடைத்தது என்ன? எண் கிடைத்தது. ஏன் அந்த இடம் என்ற கேள்வி போயிற்று. உச்சியில் உள்ளவர்களின் சுற்றுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே கையெழுத்தைப் பலர் எழுதிப் பார்த்தது போலத்தான் இருக்கிறது. அளவு கச்சிதமாக இருக்கிற துறையில் எல்லோரும் ஒரே இடத்தில் போய்ச் சேருவது தவிர்க்க முடியாதது. விமர்சனத்துக்கும் ஒரு கடிகாரம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கடிகாரம் வந்த இடத்தில் எல்லாம் ஒரு சரியான வழிதான் மிஞ்சுகிறது.

அந்தச் சரியான வழியைக் கண்டுபிடிக்க மனிதனும் வேண்டியதில்லை என்பது 2021-இல் தெரிந்துபோயிற்று. சோனியின் ஆய்வுக் குழு சோஃபி என்ற கணினி நிரலை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களில் ஓயாமல் ஓடவிட்டு, தப்பும் தண்டனையுமாகவே கற்றுக்கொள்ள வைத்தது. அந்த வருஷம் அக்டோபரில் ஜப்பானின் சிறந்த ஆட்டக்காரர்கள் நால்வரின் அணியை அது தோற்கடித்தது. விவரங்கள் 2022 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வெளியாயின. இனி எந்த மனிதனின் சுற்று நேரமும் மனித எல்லைக்குள் ஒரு சாதனை மட்டுமே. இதைக் கேட்டுச் சோர்ந்துபோகிறவன் எண்ணுக்காக ஓட்டியவன். சோராமல் அடுத்த சுற்றைத் தொடங்குகிறவனுக்கு வேறு ஏதோ கிடைத்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

*

மூன்றாவது சிக்கலைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. விளையாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. கார் புல்லில் இறங்கினாலோ சுவரில் மோதினாலோ அதை அழுத்தினால் போதும். சுற்று மறுபடி ஆரம்பமாகும். சுவரில் கீறல் இல்லை, உடம்பில் வலி இல்லை. முந்நூறு சுற்று ஓட்ட முடிவது இதனால்தான். இந்தத் தேர்ச்சியில் தைரியம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போவதும் இதனால்தான்.

சோனியும் நிஸ்ஸானும் சேர்ந்து 2008 முதல் 2016 வரை ஜிடி அகாடமி என்ற போட்டியை நடத்தின. விளையாட்டில் குறைந்த சுற்று நேரம் காட்டியவர்களைப் பொறுக்கி, உண்மையான பந்தயக் காரில் ஏற்றினார்கள். முதலில் ஜெயித்தவர் ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஒர்டோன்யெஸ். 2011-இல் ஜெயித்தவர் பிரிட்டனைச் சேர்ந்த யான் மார்டன்பரோ. 2013-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் மூன்றாவதாக வந்த குழுவில் அவர் ஒருவர். விளையாட்டில் கற்றது பாதையிலும் செல்லும் என்பதற்கு இவர்கள் சாட்சி. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2015 மார்ச் 28 அன்று நூர்பர்க்ரிங்கில், நான் மேலே சொன்ன அதே ஃப்ளூக்ப்ளாட்ஸ் ஏற்றத்தில், மார்டன்பரோவின் கார் காற்றில் எழும்பி, தடுப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்துபோனார். அந்த வருஷம் அங்கே வேகக் கட்டுப்பாடு விதித்தார்கள்; பிறகு மேடுகளைச் சமப்படுத்தினார்கள். ஓட்டியவரைக் குற்றம் சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. உச்சியில் கார் லேசாவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதன் பிறகு வருவது இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. அந்தப் பொத்தான் ஓர் இடத்தில் இருக்கிறது, ஓர் இடத்தில் இல்லை.

இந்தக் கதையை நீல் ப்ளோம்காம்ப் 2023-இல் ‘கிரான் டூரிஸ்மோ’ என்றே பெயர் வைத்துப் படமாக எடுத்தார். 2015-இல் நடந்த விபத்தைப் படம் 2013-இன் லெமான் வெற்றிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டது. கதாநாயகன் கலங்க வேண்டும், கலங்கித் தெளிய வேண்டும், தெளிந்து ஜெயிக்க வேண்டும், அதற்கு ஒரு மரணம் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். கலைஞனுக்குக் காலத்தை மாற்றுகிற உரிமை உண்டு என்று எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். உரிமை உண்டு, எதற்காக மாற்றினாய் என்று கேட்கிற உரிமை விமர்சகனுக்கும் உண்டு. நடந்தபடி, வெற்றிக்கு இரண்டு வருஷம் பின்னால், ஒரு தீர்வும் தராமல் அந்த மரணம் நின்றிருந்தால் படம் சொல்லும் கதை உடைந்துபோயிருக்கும். ஆகவே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அகட்டிவிட்டார்கள். 1949-இல் ஷார்லட்டில் அதைச் சோதிக்க ஆளாவது இருந்தது.

இந்தப் படமும் அகாடமியும் விளம்பரமும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: விளையாட்டு ஒரு வாசற்படி, அதன் பெருமை, அது நிஜத்துக்குள் கொண்டுபோய் விடுவதில் இருக்கிறது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நிஜத்துக்குப் போன விரல்விட்டு எண்ணக்கூடியவர்களை வைத்து, போகாத லட்சக்கணக்கானவர்களின் உழைப்பை மதிப்பிடுவது அநியாயம். மாற்றாத காரை நள்ளிரவில் ஓட்டுகிறவனுக்கு எந்த வாசலும் திறக்கப்போவதில்லை. சோஃபி அவனைவிட வேகமானது; பட்டியலில் அவனுக்கு மேலே ஆயிரம் பேர். ஆனாலும் தூக்குமர மேட்டில் ஆக்ஸிலரேட்டரை எப்போது மிதித்தோம், ஏன் அப்போது மிதித்தோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நினைத்ததற்கும் கை செய்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை, சாக்குச் சொல்ல வழியில்லாமல் அவன் பார்க்கிறான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 2.8 சென்டிமீட்டர். தன் காரியத்தை இத்தனை கிட்டத்தில் பார்க்க வாய்க்கிற துறைகள் அதிகம் இல்லை.

நம் சங்கீதத்தில் இதற்குச் சாதகம் என்று பெயர். கச்சேரி வேறு. விடியற்காலையில் ஒரே சுரவரிசையை நூறு தடவை பாடுகிறவன் தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை, மறுபடி பாடலாம். அந்தச் சலுகை இருப்பதால்தான் அது சாதகம். அதைக் கச்சேரி என்று சொல்லிக்கொள்வது மோசடி. கச்சேரிக்கு உதவினால்தான் அதற்கு மதிப்பு என்பது வியாபாரம். விளையாட்டைத் தயாரிப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஓட்டுகிறவர்களில் சிலருக்காவது விஷயம் தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்த விதியே அத்தாட்சி. பலம் கூட்ட எல்லா வசதியும் இருக்கிற இடத்தில், கூட்டாமல், வந்தபடியே எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். முந்நூறு பிரதி அச்சிடுகிற பத்திரிகைக்கு எழுதுகிறவர்களிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.